வியாழக்கிழமையின் கோடு

நங்கை ஒரு சவர பிளேடைக் காகிதத்தில் சுற்றி, நீளவாக்கில் இரண்டாக ஒடித்த அந்த மத்தியானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சமையலறை மேசையில் இருந்த பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் கூர்முனைகள் எதிரெதிரே பார்க்கும்படி ஒரு தகரத் துண்டில் வைத்து ஒட்டினாள். நடுவில் ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, திருப்தியில்லாமல் பிரித்து, மறுபடி ஒட்டினாள். நாலாவது தடவையில் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் கட்டுப் போட்டுவிட்டேன். "இந்தச் சந்துக்குள்ளாறதான் அம்மிணி நட்சத்திரம் நொழையோணும்" என்று கட்டுப் போட்ட விரலாலேயே காட்டினாள். அவளுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்திரண்டு.

நங்கை என்றால் என் அண்ணனின் மனைவி. முதலமடைப் பக்கத்தில் அண்ணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கல்லூரியில் இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்த மாதமே கல்யாணம், அதன்பின் மாந்தோப்பு. அண்ணன் பருவம் தொடங்கினால் லாரியோடு வடக்கே போய்விடுவான். பூவெடுப்பு, மருந்தடிப்பு, காய்ப்பறிப்பு, தரம் பிரிப்பு எல்லாம் நங்கையின் தலையில்தான். இருபது வருடம் அதைச் செய்து முடித்த பிறகு ஒருநாள் பழைய ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து மோட்டார் ரூமின் மொட்டை மாடியில் வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்னை மட்டும் அவளே கூப்பிட்டாள். நான் அரசு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். கலங்கிய திரவத்துக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்து, சர்க்கரையும் உப்பும் எழுதுகிறவள். "நீயும் வெளிச்சத்த அளக்கறவதானே. வா, கூட ஒரு ஆளு வேணும்" என்றாள்.

நாங்கள் செய்தது இதுதான். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அந்த பிளேடு இடுக்கின் வழியே செலுத்தி, மிக நெருக்கமாகக் கீறிய ஒரு சின்னத் தகட்டால் வானவில் போல விரித்து, கேமராவில் படமாகப் பிடிப்பது. கணினியில் அந்தப் பட்டை ஒரு வரைபடமாகும். பட்டையில் கருங்கோடு விழுந்த இடம் வரைபடத்தில் குழியாகத் தெரியும். எந்தக் கோடு எந்த இடம் என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு நங்கை டியூப்லைட் ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் குட்டிக் கண்ணாடிக் குமிழை எரியவிட்டாள். அதன் கோடுகள் எங்கெங்கே விழும் என்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. சில நட்சத்திரங்கள் இருக்கின்றன, வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, ஏதோ ஒரு நாள் தன் வாயுவைத் தானே வெளியே வீசி, தன்னைச் சுற்றி வளையம் போட்டுக்கொள்ளும். அப்போது சிவப்புப் பக்கத்தில் இருக்கிற கருங்கோடு, பிரகாசக் கோடாக மாறும். அது எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆய்வகங்களுக்கு ஒரே நட்சத்திரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் உலகத்தில் அங்கங்கே வீட்டு மாடிகளில் எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்து ஒரு குழுவுக்கு அனுப்புகிறார்கள். "ஒண்ணும் நடக்கல" என்று எழுதுவதும் அங்கே ஒரு தகவல். நடந்தது என்று எழுதுவதற்குச் சமமான தகவல்.

எங்கள் பட்டியலில் பதினாலு நட்சத்திரங்கள் இருந்தன. பெயர் இல்லாதவை, எண் மட்டும் உள்ளவை. நங்கைக்குப் பட்டியலில் பதினொன்றாவதாக இருந்த நட்சத்திரத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். பதினொன்று என்றே அதைச் சொல்வோம். மார்கழியிலிருந்து பங்குனி வரை அது சாயங்காலத்திலேயே நல்ல உயரத்தில் நிற்கும். ஏழரை மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் வேலை முடிந்துவிடும். எங்கள் பக்கம் மழை மறைவு நிலம். அந்த மாதங்களில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயாது. மொட்டை மாடியில் மாங்காய்ப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாயைக் கட்டி, அதன் மறைவில் உட்கார்ந்திருப்போம். பூவுக்கு அடித்த மருந்து வாடை மூக்கில் ஏறும். காற்று ஒரு வீச்சு வீசினால் நட்சத்திரம் இடுக்கிலிருந்து நழுவிவிடும். மறுபடி பிடித்து வைக்க வேண்டும். இரண்டு நிமிடப் படம் பத்து எடுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இதில் பெரிய பரவசம் எதுவும் இல்லை. முதுகு வலிக்கும். கொசு கடிக்கும். இரண்டு வருடம் பதினொன்றில் அதே குழி, அதே ஆழம்.

என் வீட்டுச் சங்கதியையும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது வருடம் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். விடியற்காலை கிளம்பிப் பாலக்காடு போய், அவரை விட்டுவிட்டு லேப் வேலைக்குத் திரும்பி, மறுபடி போய்க் கூட்டி வருவேன். திரும்பி வரும்போது அவர் பேச மாட்டார். பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்தத் தலையின் கனம் எனக்கு இன்றும் தெரியும். தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும், உப்பை அளந்து போட வேண்டும். நாள் முழுக்க ஏதாவது ஒன்றை அளந்துகொண்டே இருந்தேன். மோட்டார் ரூம் மாடிதான் நான் உட்காரும் ஒரே இடமாக இருந்தது.

அந்தத் தை மாதம் நங்கைக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி. எடுத்த பிறகு அதைப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொன்னதை, அவள் என்னிடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். கிளம்பும்போது மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்து, "பதினொண்ணை மட்டும் உட்றாத. மத்தது கெடக்கட்டும்" என்றாள். தினமும் காலையில் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஒரு செய்தி வரும். 'இன்னிக்கு என்ன கண்ணு?' நான் முந்தைய சாயங்காலத்து வரைபடத்தை அனுப்புவேன். அதே குழி. அதைப் பார்த்துவிட்டு அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை போடுவாள். அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் காலையிலும் கேட்டாள். எழுத்துப் பிழையோடு வந்த அந்தச் செய்தியைப் பார்த்து நான் அழுதேன்.

பதினோரு நாள் விடாமல் ஏறினேன். பன்னிரண்டாவது நாள் வியாழக்கிழமை. டயாலிசிஸ் நடுவில் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பி, மறுபடி வந்தது. ஏழு மணிக்குத்தான் வீடு சேர்ந்தோம். அவரைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. பதினொன்று எங்கே இருக்கும் என்று தெரியும், அந்தத் திசையைக்கூடப் பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கால் வலியோ காய்ச்சலோ இல்லை. எழுந்திரு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள உள்ளே ஆள் இல்லாதது போல இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. 'இன்னிக்கு என்ன கண்ணு?'

புதன்கிழமை வழக்கத்தைவிட ஐந்து படம் கூடுதலாக எடுத்திருந்தேன். அந்த ஐந்தையும் தனியே பிரித்து, வியாழக்கிழமைத் தேதி போட்டு, வரைபடமாக்கி அனுப்பினேன். கால் மணி நேர வேலை. தினப் பதிவு எழுதும் ஏட்டிலும் எழுதினேன். காற்று மிதம், வானம் தெளிவு. வானம் தெளிவு என்பது உண்மைதான். நங்கையிடமிருந்து கும்பிடு வந்தது. இரண்டு வருடமாக மாறாத கோடு ஒரு ராத்திரியில் மாறிவிடப் போகிறதா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு லேப் போனேன். அன்று எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்தேன், ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பருவம் தப்பிய மேகம். ஞாயிற்றுக்கிழமை நங்கை வீடு திரும்பினாள். திங்கட்கிழமை சாயங்காலம் வானம் திறந்தது. தையல் போட்ட வயிற்றோடு அவளால் ஏணி ஏற முடியாது. மோட்டார் ரூமுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் தலையணையும் அதன்மேல் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தாள். நான் மேலே. வயரைக் கீழே தொங்கவிட்டிருந்தோம். நாலாவது படமும் இறங்கியது. பிறகு, "ஏ அம்மிணி! எறங்கி வா! குழி இருக்கற எடத்துல மேடு நிக்குது பாரு!" என்று கத்தினாள். இறங்கி வந்து பார்த்தேன். சிவப்புப் பக்கத்தில், இரண்டு வருடக் குழி இருந்த இடத்தில், ஒரு சின்ன மேடு. அவள் ஸ்டார்ட்டரை மறுபடி எரியவிட்டு அளவைச் சரிபார்க்கச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது. சிரிக்கவும் முடியாமல், சிரித்தால் தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலிக்கு அடியில் இருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். கர்ப்பப்பையின் பரிசோதனை முடிவு. மத்தியானம்தான் வந்ததாம். அது என்ன சொல்கிறது என்று எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. "ஆரம்பந்தானுங்கிறாங்க. கரண்டு வெச்சா போயிருமாமா" என்றாள். "ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு பாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

குழுவுக்குச் செய்தி போனது. வியாழன் மாற்றமில்லை, திங்கள் மாற்றம் என்று நங்கை எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலையடிவாரத்திலிருந்து ஒருவர் எழுதினார். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வியாழக்கிழமை அவரும் பார்த்திருக்கிறார், நாங்கள் பார்க்கும் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் கழித்து. அவருடைய படத்தில் அப்போதே மேடு தொடங்கியிருந்தது. குழுவை ஒருங்கிணைத்த ஆராய்ச்சியாளர் இருவரையும் பணிவாகக் கேட்டார். புதன்வரை இல்லாதது, வியாழன் உங்கள் ஊரில் இல்லாதது, சில மணி நேரத்தில் அங்கே எப்படி வந்திருக்கும், யாருடைய பதிவிலோ தவறு இருக்கலாம், பாருங்கள் என்றார். நங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. கதிர்வீச்சு வைப்பதைப் பற்றிப் பேச ஆஸ்பத்திரி போய்வந்த களைப்போடு உட்கார்ந்து ஒரு நீண்ட பதில் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினாள். 'அன்று பதிவெடுத்தவர் என் நாத்தனார். அரசு சுகாதார நிலையத்தில் பல வருடமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவர். பார்த்ததை மட்டுமே எழுதுவார்.' படித்துவிட்டு, "சரிதானே?" என்று நிமிர்ந்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம் போனதில்லை.

பத்து நாளில் அந்தப் பஸ் ஓட்டுநர் தன் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தன் கருவி பழையது, குளிரில் அளவு நகர்ந்திருக்கலாம், மற்றவர் வேலையைக் குழப்பியதற்கு மன்னிக்கவும் என்று இரண்டு வரி. நங்கை அதைப் பார்த்து, "பாவம், நல்ல மனுசன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளைத் தேடிப் போனேன். தோப்புக் கொட்டகையான சாளையில் முதல் பறிப்புக் காய் குவிந்து கிடந்தது. நங்கை முக்காலியில் உட்கார்ந்து பொறுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வேலையாட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"நங்க, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு. எதுக்கு மொகம் இப்படி இருக்குது? உங்கூட்டுக்காரருக்கு ஏதாச்சுமா?"

"அவரு நல்லா இருக்காருங்க. அந்த வியாழக்கெழமை நா மேல ஏறவே இல்லீங்க."

"எந்த வியாழக்கெழமை?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப. அது புதன்கெழமை எடுத்த படமுங்க. தேதிய மாத்திப் போட்டுட்டேன்."

கையில் இருந்த காயை அவள் மெதுவாகப் பெட்டியில் வைத்தாள், அடிபடாமல். அடுத்த காயை எடுக்கவில்லை.

"மத்த நாளு?"

"மத்ததெல்லாம் நெசமுங்க. சத்தியமா."

"நா நம்பறேன். ஏட்டப் பாக்கறவன் எப்படி நம்புவான்? உன்ற லேப்புல, ஒருத்தனுக்கு ரத்தமே எடுக்காம, நேத்து எடுத்த நம்பர எழுதி ஒப்பு போடுவியா?"

"மாட்டேனுங்க."

"அப்பறம் இது மட்டும் எப்படி அம்மிணி?"

"முடியலீங்க நங்க. காலைல நீங்க போனைக் கையில வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பீங்கன்னு..."

"பாக்கலைன்னு சொல்லியிருந்தா நா செத்தா போயிருப்பேன்?"

சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் வெகுநேரம் கை கழுவினாள். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மனுசனுக்கு நீதான் எழுதோணும்" என்றாள்.

எழுதினேன். என் ஆங்கிலம் ரிப்போர்ட் எழுதுகிற ஆங்கிலம். நங்கை திருத்தித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் கணவர் நோயாளி, அன்று களைத்திருந்தேன், பார்க்காததைப் பார்த்ததாகப் போட்டேன், உங்கள் பதிவுதான் சரி என்று எழுதி, அவருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் அனுப்பினேன். நங்கை அந்த வியாழக்கிழமையை நீக்கியதோடு நிற்கவில்லை. நான் தனியாக எடுத்த பன்னிரண்டு நாளையும் நீக்கினாள். பதினோரு நாள் முதுகொடிய எடுத்த உண்மையும் அதோடு போயிற்று. அது நியாயம் என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வலித்தது. ஓட்டுநரிடமிருந்து பதில் வந்தது. தன் பதிவை மறுபடி சேர்த்துவிட்டதாக ஒரு வரி. உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியை என்னால் தாங்கவே முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு அந்த நட்சத்திரத்தைப் பற்றி வந்த கட்டுரையில் மாற்றத்தை முதலில் கண்டவர் என்று அவர் பெயர் இருந்தது. நங்கையின் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் சிறிய எழுத்துக்குள், பலரோடு ஒன்றாக இருந்தது. அவள் அதைப் பெரிதாக்கி அண்ணனுக்குக் காட்டினாள்.

அந்தப் பருவம் முழுக்க அவள் என்னைக் கூப்பிடவில்லை. விசேஷங்களில் பார்த்தால் பேசுவாள், சாப்பிட்டாயா என்பாள், என் கணவருக்கென்று உப்பில்லாமல் தனியே ஒரு கறி செய்து கொடுத்தனுப்புவாள். நட்சத்திரப் பேச்சு மட்டும் இல்லை. மறு வருடம் மார்கழியில் ஒருநாள் போன் வந்தது. "காத்து ஆரம்பிச்சிருச்சு. பெட்டிய அடுக்கோணும், வா." போனேன். மன்னிப்பென்றோ மறதியென்றோ எந்தப் பேச்சும் நடக்கவில்லை. இரண்டு பேரும் பெட்டிகளை அடுக்கினோம். ஆனால் அந்த வருடம் முழுவதும் என்னைத் தனியாக விடவில்லை. சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. ஏட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு கையெழுத்து. அதற்கும் அடுத்த வருடமும் அப்படியே.

பிறகு அவளுக்கு நோய் திரும்பி வந்தது. இந்த முறை எலும்பில். ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் அதைப் பற்றியும் பேசவில்லை. ஏணி ஏற முடியாமல் போன முதல் சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் கை நீட்டவில்லை.

"என்னை நம்பியா குடுக்கறீங்க?"

"பின்ன யாரு இருக்கா?" என்று சிரித்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மேகம்னா மேகம்னு எழுதறமில்ல? அதே மாதிரி, முடியலைன்னா முடியலைன்னு எழுது. நட்சத்திரம் ஒண்ணும் கோவிச்சுக்காது. நானுங் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்த வருடம் பதிமூன்று தடவை அப்படி எழுதினேன். ஒவ்வொரு முறையும் காலையில் அவளுக்கு அதையே அனுப்பினேன். பார்க்கவில்லை, முடியவில்லை. கும்பிடு வந்தது. ஆனி மாதம் மழைக்காலத்தில் அவள் போனாள். வானமே தெரியாத நாட்கள் அவை.

மூன்று வருடம் ஆகிறது. எல்லோரும் எந்த நிமிடமும் போய்விடுவார் என்று நினைத்த என் கணவர் இருக்கிறார். இன்னும் செவ்வாய், வியாழன், சனி. பஸ் மட்டும் மாறி அண்ணனின் காராகிவிட்டது. திரும்பி வரும்போது அவர் என் தோளில்தான் சாய்கிறார். பதினொன்றின் வளையம் கலைந்து, மேடு தணிந்து, மறுபடி குழி விழுந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் இருக்கும்போது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முடிந்த நாட்களில் ஏறுகிறேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. காலையில் கேட்பதற்கு யாரும் இல்லாததால், கேள்வி இல்லாமலே எழுதப் பழகிக்கொண்டேன்.

நேற்று அவருக்கு ஊசி குத்தும் கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. சரி செய்து கூட்டி வர எட்டு மணி ஆகிவிட்டது. வெளியே வந்து பார்த்தேன். காற்றுகூட இல்லை, வானம் அப்படி ஒரு சுத்தம். இந்தப் பருவத்தில் இதைப்போல இன்னொரு நாள் கிடைக்காது என்று தெரிந்தது. உள்ளே வந்து ஏட்டைத் திறந்து தேதி போட்டேன். வானம் மிகத் தெளிவு. பார்க்கவில்லை. முடியவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன். படுத்ததும் தூக்கம் வந்தது.